குன்றல் பிரிவு முதல் கருவளர்ச்சி வரை: ஒரு கற்பித்தல் பெட்டியைப் பற்றிய ஓராண்டு மதிப்புரை

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் என் வீட்டு முன்கூடத்தில் வாரத்துக்கு மூன்று மாலைகள் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வின் பாடத்திட்டத்தில் படிவம் 4-இன் 6-ஆம் அத்தியாயம் உயிரணுப் பிரிவு. மனித இனப்பெருக்கமும் வளர்ச்சியும் வருவதோ 15-ஆம் அத்தியாயத்தில். இடையிலுள்ள எட்டு அத்தியாயங்களைக் கடந்து வருவதற்குள், குன்றல் பிரிவு (விந்தணுவும் அண்டமும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் உயிரணுப் பிரிவு) என்று ஒன்றைப் படித்ததையே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். நினைவில் வைத்திருப்பவர்களும் அதைக் கருப்பைக்குள் நடப்பவற்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் பரப்பிக் காட்ட ஏதேனும் கிடைக்குமா என்று தேடியபோதுதான், ஜோர்ஜ் டவுனில் பள்ளி ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். விலை 428 ரிங்கிட். ஃபெரியில் மடியில் வைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓராண்டு முழுவதும் பயன்படுத்திவிட்டே இதை எழுதுகிறேன்.

ஒரே பெட்டி வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படுவதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. நீல மூடி, உள்ளே இரண்டு அடுக்கு. மேலடுக்கில் நான்கு இணைக் குரோமோசோம்கள் செய்வதற்கான சிவப்பு, மஞ்சள் மணிகளும், 20 நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளும் இருக்கின்றன. கீழடுக்கில் கருவளர்ச்சியின் படிநிலைகளைக் காட்டும் எட்டு பிளாஸ்டிக் உருவங்களும், குறுக்கே வெட்டிய பெண் இடுப்பெலும்புப் பகுதியின் மாதிரி ஒன்றும் உள்ளன. கூடவே ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சிட்ட ஒரு கையேடு.

மணிகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுத்த பணத்தில் முக்கால்வாசிக்கு அவை மட்டுமே ஈடு செய்கின்றன. ஒரு மணியின் முளை அடுத்த மணியின் துளையில் அழுத்தமாகப் பொருந்துகிறது. பிடுங்கினால் வருகிறது, தானாகக் கழன்று விழுவதில்லை. இரட்டித்த சரங்கள் ஒட்டியிருக்கும் புள்ளியான சென்ட்ரோமியர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு காந்தத் துண்டு. தாயிடமிருந்து வந்தது சிவப்பு, தந்தையிடமிருந்து வந்தது மஞ்சள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரட்டித்து, ஒத்த குரோமோசோம்களை (ஒரே இணையின் சிவப்பையும் மஞ்சளையும்) அருகருகே கிடத்தி, ஒரு சிவப்புச் சரத்தின் நுனியிலிருந்து ஐந்து மணிகளையும் ஒரு மஞ்சள் சரத்தின் நுனியிலிருந்து ஐந்து மணிகளையும் கழற்றி இடம் மாற்றச் சொன்னால், குறுக்கே கலத்தல் என்பது என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வெண்பலகையில் பத்தாண்டுகளாக வண்ணப் பேனாவால் வரைந்து காட்டியும் ‘எந்தச் சரம் எதோடு மாறுகிறது’ என்ற கேள்வி எழாத வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. மணிகள் வந்தபின் அந்தக் கேள்வி எழவில்லை. மாற்றிய சரங்கள் இரண்டும் கலப்பு நிறமாகவும், மாற்றாத சரங்கள் இரண்டும் பழைய நிறத்திலேயும் கிடப்பதைக் கண்ணால் பார்த்தபின் குரோமாட்டிடுகள் எனப்படும் இந்த நான்கு சரங்களும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நான்கு இணைகள் மட்டுமே இருப்பது குறையல்ல; ஒருவகையில் நல்லது. நான்கு இணைகளிலிருந்து 16 வகையான பாலணுக்கள் (விந்தணு அல்லது அண்டம்) உருவாக முடியும். ஒரு மாலை மாணவர்கள் ஒவ்வொரு சேர்க்கையாக அடுக்கி, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே போய், 16-ஐயும் சேகரித்தார்கள். பிறகு 23 இணைகளுக்கு இதையே செய்தால் எத்தனை படம் எடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிடச் சொன்னேன். 8,388,608 என்ற விடை வந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதுவும் குறுக்கே கலத்தலைக் கணக்கில் சேர்க்காமல் வந்த எண்.

குறை காந்தத்தில் இருக்கிறது. சகோதரிக் குரோமாட்டிடுகளை (ஒரே குரோமோசோம் இரட்டித்து வந்த இரு சரங்களை) இணைக்கும் காந்தமும் ஒத்த குரோமோசோம்களை ஒன்றையொன்று ஈர்க்கும் காந்தமும் ஒரே வலிமை உடையவை. குன்றல் பிரிவு இரண்டு கட்டமாக நடக்கிறது: முதற்பிரிவில் ஒத்த குரோமோசோம்கள் பிரிகின்றன, இரண்டாம் பிரிவில் சகோதரிக் குரோமாட்டிடுகள். முதற்பிரிவில் அவை இருபுறமும் விலகும் அனஃபேஸ் நிலையைக் காட்டுவதற்காக இருபுறமும் இழுக்கும்போது, ஒத்த குரோமோசோம்கள் பிரிவதற்குப் பதிலாக, இரண்டில் ஒரு தடவையாவது சகோதரிக் குரோமாட்டிடுகள் பிரிந்து வந்துவிடுகின்றன. அதாவது இரண்டாம் பிரிவில் நடக்கவேண்டியது முதற்பிரிவிலேயே நடப்பதாகப் பெட்டி காட்டுகிறது. தேர்வில் மாணவர்கள் மிக அதிகமாகத் தவறவிடும் இடமும் இதுவே என்பதால் இதை நான் சிறு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலும், உண்மையில் ஒத்த குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை சென்ட்ரோமியர்கள் அல்ல. சரங்கள் கலந்துகொண்ட கயாஸ்மாப் புள்ளிகளும் அவற்றுக்கு அப்பால் சகோதரிகளை ஒட்டவைத்திருக்கும் பிணைப்புப் புரதமுமே. காந்தங்கள் அதை மறைத்துவிடுகின்றன.

இதற்கு நான் கண்ட மாற்றுவழி எளிது. தாப்பாவ் (கடையில் வாங்கிப்போகும் சாப்பாடு) பொட்டலம் கட்டும் சிறிய ரப்பர் பேண்டை எடுத்துச் சகோதரிக் குரோமாட்டிடுகளின் சென்ட்ரோமியரைச் சுற்றிப் போட்டுவிட்டேன். உயிரணுவிலும் அப்படி ஒரு காப்பு உண்மையாகவே உண்டு. முதற்பிரிவின்போது மற்ற இடங்களில் பிணைப்புப் புரதம் வெட்டப்பட்டாலும், சென்ட்ரோமியர் அருகில் மட்டும் அது வெட்டுப்படாமல் ஒரு புரதம் காத்து நிற்கிறது. 2004-இல் அதற்குப் பெயர் வைத்த ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் மொழியில் காவல் தெய்வம் என்று பொருள்படும் ‘ஷுகோஷின்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொன்னதும் ஒரு மாணவன், “அப்படியென்றால் முனீஸ்வரர் மாதிரி, டீச்சர்,” என்றான். அன்றுமுதல் எங்கள் வகுப்பில் ரப்பர் பேண்டுக்கு முனீஸ்வரர் என்றே பெயர். இரண்டாம் பிரிவு தொடங்கும்போது அதைக் கழற்றிவிடுகிறோம்.

பெட்டியில் எக்ஸ், ஒய் இணை கிடையாது. நான்கு இணைகளும் சம நீளத்தில் செய்யும்படியே கையேடு சொல்கிறது. எக்ஸ் குரோமோசோமின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒய் என்பதால், ஒரு மஞ்சள் சரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மணிகளைக் கழற்றி நாமே செய்துகொள்ளலாம். செய்தவர்களுக்கு, குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது எந்தப் பாலணு என்ற கேள்வியும், பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைக் குறைகூறும் வீடுகளுக்குச் சொல்லவேண்டிய பதிலும் ஒருசேரக் கிடைக்கும்.

இனி, இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய மனக்குறை. இது வடிவங்களைக் காட்டுகிறது, காலத்தைக் காட்டவில்லை. கையேட்டின் நடுப்பக்கத்தில் விந்தணு உருவாக்கமும் அண்ட உருவாக்கமும் பக்கம்பக்கமாக, ஒரே அளவு அம்புக்குறிகளோடு, ஒரே வேகத்தில் நடப்பவைபோல வரையப்பட்டுள்ளன. இரண்டின் முடிவிலும் நான்கு சம வட்டங்கள். இது தவறு. பெண்ணின் குன்றல் பிரிவில் முடிவில் கிடைப்பது ஒரே ஒரு பெரிய அண்டம். மற்றவை உயிரணுச்சாறு ஏறக்குறைய எதுவும் பெறாத துருவ உறுப்புகள். அதைவிட முக்கியமானது நேரம். ஆணுக்குப் பருவ வயதில் தொடங்கி, ஒவ்வொரு விந்தணுவும் உருவாக ஏறக்குறைய 64 முதல் 74 நாள்கள் ஆகின்றன. அது நாள்தோறும் தொடர்ந்து நடக்கும் உற்பத்தி. பெண்ணுக்கோ, அவள் தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே அண்ட முன்னணுக்கள் முதற்பிரிவைத் தொடங்கி, புரோஃபேஸ் என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பிறக்கும்போது சூலகங்களில் அப்படிக் காத்திருப்பவை 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது எஞ்சுபவை ஏறத்தாழ 3 முதல் 4 லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை 400 அளவில். வெளிவருவதற்குச் சற்று முன்புதான் முதற்பிரிவு நிறைவடைகிறது. இரண்டாம் பிரிவும் மெட்டஃபேஸ் என்ற நடு நிலையில் மீண்டும் நின்று, விந்தணு உள்ளே நுழைந்தால் மட்டுமே முடிகிறது. விந்தணு வராவிட்டால் அந்தப் பிரிவு முடிவதே இல்லை.

இதைப் பெட்டியின் உதவியில்லாமல்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. 2008-இல் பிறந்த ஒரு மாணவியிடம் அவளுடைய அம்மா பிறந்த ஆண்டைக் கேட்டேன், 1979 என்றாள். அப்படியானால் அவள் உருவான அண்டம் தன் குன்றல் பிரிவைத் தொடங்கியது 1979-இல், அவளுடைய பாட்டியின் வயிற்றுக்குள். பாட்டி அப்போது கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிக்கொண்டிருந்தாராம். ஏறக்குறைய 28 ஆண்டுகள் அந்த உயிரணு ஒரே நிலையில் காத்திருந்திருக்கிறது. வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது.

அந்தக் காத்திருப்பைக் காட்ட, அன்று மாலையே இணைசேர்த்த ஒரு சிவப்பு மஞ்சள் இணையை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நாட்காட்டி மாட்டிய ஆணியில் தொங்கவிட்டேன். ஒன்பது மாதம் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. ஆண்டிறுதியில் எடுத்துப் பிரிக்க முயன்றபோது, பினாங்குக் காற்றின் ஈரத்தில் காந்தத்தின் மேற்பூச்சு உரிந்து, துருப்பிடித்து, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. “பிரிய மாட்டேங்குது, டீச்சர்!” என்று சிரித்தார்கள். பொருளாகப் பார்த்தால் இது தரக்குறைவு. 428 ரிங்கிட் கொடுத்த பெட்டியில் ஓராண்டுக்குள் துருப்பிடிக்கும் காந்தம் இருக்கக் கூடாது. ஆனால் அன்றைய பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான விபத்து இருந்திருக்க முடியாது. ஓர் இணை பிரியாமல் ஒரே பக்கம் போனால் பாலணுவில் ஒரு குரோமோசோம் கூடிவிடும் என்பதையும், 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே டவுன் நோய்க்குறித்தொகுதிக்குக் காரணம் என்று 1959-இல் பிரான்சில் லெஜூன் குழுவினர் அறிவித்ததையும், தாயின் வயது 35 ஆகும்போது அந்த வாய்ப்பு ஏறத்தாழ 350-இல் ஒன்றாகவும் 40-இல் ஏறத்தாழ 100-இல் ஒன்றாகவும் உயர்வதையும் சொன்னேன். உயிரணுவில் காரணம் துரு அல்ல, அதற்கு நேர்மாறானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது: கருவாக இருந்த காலத்தில் போட்ட பிணைப்புப் புரதம் ஆண்டுகள் செல்லச்செல்லத் தளர்ந்துவிடுவதால்தான் குரோமோசோம்கள் தம் பக்கம் மாறிப் போகின்றன.

கண்ணாடிச் சில்லுகளுக்கு வருவோம். பள்ளி நுண்ணோக்கியின் 400 மடங்குப் பெருக்கத்தில் பார்க்க, லில்லி மகரந்தப்பைச் சில்லுகள் மூன்றும் மிகத் தெளிவு. லில்லிக்கு 24 குரோமோசோம்களே உண்டு, அவை பெரியவையும்கூட, அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இந்தப் பாடத்துக்கு அதையே பயன்படுத்துகிறார்கள். எலியின் விந்தகக் குறுக்குவெட்டும் முயலின் சூலகமும் நன்றாக உள்ளன. அண்டத்தைச் சுமக்கும் முதிர்ந்த கிராஃபியன் நுண்பையும் அதற்குள் அண்டமும் தேடாமலே தெரிகின்றன. மனித விந்தணுச் சில்லு மட்டும் சாயம் வெளிறிப்போய், வால்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

சிக்கல் அடுத்த ஏழு சில்லுகளில். அவற்றுக்கு ஒட்டிய சீட்டில் ‘மனிதக் கருவளர்ச்சி’ என்ற பொதுத் தலைப்பும் அதன்கீழ் இரண்டு உயிரணு நிலை, நான்கு, எட்டு, மோருலா (உயிரணுக்கள் திரண்ட பந்து) என்ற பெயர்களும் இருக்கின்றன. பார்த்தவுடனே தெரிகிறது, இவை நட்சத்திர மீனின் கருக்கள். அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பல நாட்டுப் பள்ளிகளிலும் பயன்படுத்துகிறார்கள். கடல்நீரில் வெளிப்படையாகக் கருவுறுவதாலும், முட்டை தெளிவாக இருப்பதாலும் அதைவிட வசதியான பொருள் கிடையாது. ஆனால் சீட்டில் மனிதன் என்று போட்டது ஏமாற்று. நட்சத்திர மீனின் உயிரணுக்கள் ஒழுங்காக 2, 4, 8 என்று ஒரேநேரத்தில் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி நிற்கின்றன. மனிதக் கருவில் இரண்டாம் பிளவின்போது ஓர் உயிரணு நெடுக்காகவும் மற்றொன்று குறுக்காகவும் பிரியலாம். எல்லாம் ஒரே நேரத்தில் பிரிவதுமில்லை, ஆகவே மூன்று உயிரணுக்கள், ஐந்து உயிரணுக்கள் கொண்ட கருவையும் காண முடியும். அதைவிடப் பெரிய வேறுபாடு அதன்பின் வருகிறது. நட்சத்திர மீனின் பிளாஸ்டுலா உள்ளே வெற்றிடம் கொண்ட எளிய பந்து. மனிதனில் அதற்கு ஈடான நிலையாகிய பிளாஸ்டோசிஸ்ட்டில், கருவாக மாறும் உள் உயிரணுத் திரளும், நஞ்சுக்கொடி உருவாவதற்கு அடிப்படையான டிரோஃபோபிளாஸ்ட் என்ற வெளிப்படலமும் தனித்தனியாக இருக்கின்றன. தேர்வில் கேட்கப்படுவதும் அதுதான். சில்லைப் பார்த்துவிட்டு உள் உயிரணுத் திரளைக் குறிக்கச் சொன்னால் மாணவர் எங்கே குறிப்பார்? சீட்டுகளை உரித்துவிட்டு ‘நட்சத்திர மீன்’ என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

எட்டு பிளாஸ்டிக் உருவங்களும் கைக்கு அழகாக இருக்கின்றன, பாடத்துக்கு ஆகவில்லை. கருமுட்டை (கருவுற்ற அண்டம்) எலுமிச்சை அளவு. மோருலா ஆரஞ்சு அளவு. பிளாஸ்டோசிஸ்ட் அதற்கும் பெரியது. உயிரணுக்களின் எண்ணிக்கை கூடும்போது கருவும் பெருத்துக்கொண்டே போகிறது என்ற எண்ணத்தை இவை ஆழமாகப் பதித்துவிடுகின்றன. உண்மையில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள கருமுட்டை, தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள்ளேயே பிளவுபட்டுப் பிளவுபட்டு, மோருலா நிலையை அடையும்வரை அதே அளவில்தான் இருக்கிறது; உயிரணுக்கள்தான் ஒவ்வொரு பிளவிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன. கொழுக்கட்டை மாவை ஓர் உருண்டை பிடித்து, கத்தியால் இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டி மறுபடி சேர்த்துக் காட்டினேன். மாவு கூடவுமில்லை, குறையவுமில்லை. இரண்டு ரிங்கிட் மாவு செய்த வேலையை எட்டு உருவங்களாலும் செய்ய முடியவில்லை.

உருவங்களில் ஆறாவது பிளாஸ்டோசிஸ்ட்; ஏழாவது தலையும் வாலும் உள்ள நான்கு வாரக் கரு. இடையிலுள்ள மூன்று வாரத்தை ஒரே தாவலில் கடந்துவிட்டார்கள். மீண்டும் காலத்தைப் பற்றிய அதே அலட்சியம். கருவுற்ற 6 அல்லது 7-ஆம் நாள் கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்குவதும், இரண்டாம் வாரத்தில் இரண்டு அடுக்குத் தட்டாக இருப்பதும், மூன்றாம் வாரத்தில் புறப்படை, இடைப்படை, அகப்படை என்ற மூன்று அடுக்குகளாக மாறுவதும், ஏறக்குறைய 22-ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குவதும், 28-ஆம் நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்வதும் அந்தத் தாவலில் விடுபட்டுப் போகின்றன. எஸ்.பி.எம். தேர்வுக்கு இவற்றில் பல தேவையில்லை என்பது உண்மைதான். மருத்துவம் படிக்க விரும்புவதாகச் சொல்லும் பிள்ளைக்கு, தாய் தான் கருவுற்றிருப்பதை அறிவதற்குள்ளேயே தண்டுவடத்தின் அடித்தளம் போடப்பட்டுவிடுகிறது என்பதைக் காட்ட ஓர் உருவமாவது வைத்திருக்கலாம்.

இடுப்புப் பகுதி மாதிரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறுதியானது, துடைக்க எளிது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சூலகத்தையும் அண்டக்குழாயையும் ஒரே வார்ப்பாகச் செய்துவிட்டதால் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் குழாயின் விரல்போன்ற நுனிகள் வெளிவரும் அண்டத்தை ஏந்திக்கொள்கின்றன. அடுத்து, கருவுறும் இடத்தைக் காட்டும் அம்புக்குறியைக் கையேடு கருப்பைக்குள் போட்டிருக்கிறது. அது அண்டக்குழாயின் அகன்ற பகுதியில் இருக்க வேண்டும்.

இவ்வளவு பிழைகள் உள்ள கையேட்டில் வரலாற்றுப் பக்கம் மட்டும் கவனமாக எழுதப்பட்டிருப்பது வியப்பு. 1883-இல் வான் பெனடன் குதிரையின் குடற்புழுவில் பாலணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாக இருப்பதைக் கண்டதும், மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று பல பத்தாண்டுகள் உலகமே நம்பியிருந்ததும், நம் பக்கத்து ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ ஸ்வீடனில் லெவானுடன் சேர்ந்து 1956-இல் அது 46 என்று வெளியிட்டதும் அங்கே சுருக்கமாக உள்ளன. பாடநூல் படத்திலேயே 48-ஐ எண்ணிப் பழகிய காலம் ஒன்று இருந்தது என்பதைக் கேட்டால் மாணவர்களுக்குத் தாங்களும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

கையேட்டில் தமிழ் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறும் பிள்ளைகளுக்கு, கலைச்சொல் புரிந்த சொல்லாக இல்லாமல் மனப்பாடமாகிவிடுகிறது. ‘மியோசிஸ்’ என்ற பெயரை 1905-இல் ஃபார்மரும் மூரும் வைத்தபோது, குறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் குன்றல் என்கிறோம், இலங்கையில் ஒடுக்கற்பிரிவு என்கிறார்கள். இரண்டுமே அந்தப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. பெட்டியின் மூடிக்கு உட்புறம் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் சொற்பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ‘குன்றல்’ என்ற சொல்லைப் பார்த்தபின் 46 எப்படி 23 ஆகிறது என்று கேட்க மறந்தவர் எவருமில்லை.

கடையைப் பற்றி: விற்கும்போது இருந்த அக்கறை விற்றபின் இல்லை. உடைந்து வந்த ஒரு சில்லை மாற்றித் தர ஐந்து வாரம் ஆயிற்று, இரண்டு முறை அக்கரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. துருப்பிடித்த காந்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். இங்குள்ள ஈரக்காற்றில் சில்லுகளிலும் லென்ஸிலும் பூஞ்சை பிடிப்பது வழக்கம் என்பதால், பெட்டியோடு வரும் அட்டைத் தட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு காற்றுப்புகா டப்பாவில் போட்டுவிடுவது நல்லது. அட்டை மூன்றாம் மாதமே ஊறிவிட்டது.

வகுப்பறை உள்ள பள்ளி ஆசிரியர் முழுப் பெட்டியை வாங்கலாம், முயலின் சூலகமும் லில்லிச் சில்லுகளும் பயன்படும். வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்காக வாங்க நினைக்கும் பெற்றோருக்கு முழுப் பெட்டி வேண்டாம். மணிகளை மட்டும் 95 ரிங்கிட்டுக்குத் தனியாகவும் அதே கடையில் விற்கிறார்கள். கேட்டால்தான் உள்ளிருந்து எடுத்து வருவார்கள். பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே பிரித்து, இரண்டு சரங்களைக் கோத்து, இருபுறமும் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.